இரண்டு கூடை பழைய மண்

ஒரு காலத்தில் என் கையை முகர்ந்தால் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் மருந்தின் வாசனைதான் வரும். சோறு பிசைந்தாலும் போகாது, சந்தனம் பூசினாலும் போகாது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் என்னைத் தெரிந்தவர்கள், ஆள் வருவதற்கு முன்பே மூக்கால் கண்டுபிடித்துவிடுவார்கள். பால்காரர் ஒருவர் தன் எருமையிடமே "டிரெஸ்ஸர் வர்றாரு, ஒழுங்கா நில்லு" என்று சொல்வாராம். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். அப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால், மற்றதைச் சொல்வது சுலபமாக இருக்கும்.

இந்த இருபதாம் நூற்றாண்டு பிறந்து சில வருடங்களே ஆகியிருந்த சமயம். ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டும் டிரெஸ்ஸர் வேலை எனக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமி என்று ஒன்று உண்டு, காய்ச்சலும் பேதியும் சீழும் அதனால்தான் வருகின்றன என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னது சரிதான். நான்தான் அதைக் கேட்டவுடனே உலகத்தையே கழுவக் கிளம்பிவிட்டேன்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்களுக்கு ஓர் ஆண் குழந்தை. எட்டாவது மாதத்தில் மூன்றே நாள் பேதியில் போய்விட்டான். ஊரார் புண்ணுக்கெல்லாம் மருந்து போடுகிறவன், என் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிறு குழந்தைகளைப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம். என் இரண்டு கையாலும் நானேதான் அவனைக் குழியில் இறக்கினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு: அந்தக் கிருமியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் கைதான். யாரிடமும் சொல்லவில்லை. கையை மட்டும் கழுவிக்கொண்டே இருந்தேன்.

என் மனைவி அழுது தீர்த்துவிட்டு அமைதியாகிவிட்டாள். அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "நான் ஊருக்குப் போறேங்க" என்றாள். எங்கள் ஊர்க்காரக் குடும்பம் ஒன்று தைப்பூசம் முடிந்த கையோடு கப்பலேறப் போகிறது, அவர்களோடு போய்விடுகிறேன் என்றாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

அவள் பிறந்த வீடு காவிரிக்கரையில் கொடிக்கால் வைத்திருந்த வீடு. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து, அவற்றின் மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிடுவார்கள். கல்யாணமாகிக் கப்பலேறி வந்தபோது அவள் பெட்டியில் ஒரு துணிப்பை நிறைய அகத்தி விதை இருந்தது. மாட்டுக்கொட்டகைகளுக்குப் பின்னால் நாங்கள் இருந்த பலகை வீட்டோடு ஒரு துண்டு நிலமும் சேர்ந்திருந்தது. சும்மாதான் கிடந்தது. வேறு எதுவும் தோன்றாமல், "அந்த இடத்துல உங்க ஊர் மாதிரி ஒரு கொடிக்கால் போட்டுப் பாரேன்" என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போடறேன். தைப்பூசத்துக்குள்ள கொடி அகத்தியில ஏறிடுச்சுன்னா இருக்கேன். இல்லன்னா என்னைத் தடுக்கக் கூடாது" என்றாள்.

சரி என்றேன். ஆடி மாதம் அது. மறுநாள் அவள் எனக்கு முன்பே எழுந்திருந்தாள். குழந்தை போன பிறகு அவள் தானாக எழுந்த முதல் காலை. மண்வெட்டிச் சத்தம் கேட்டு விழித்தேன். அந்தச் சத்தத்துக்கு நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். இருந்தேன்தான். ஆனால் நன்றியோடு இருந்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ராவுத்தரின் கொடிக்கால். என் வயதுதான் அவருக்கும். அவரும் காவிரிக்கரைக்காரர்தான். எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரைக் குடித்தவள் என்று சொல்லி என் மனைவியைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆனேன். அந்த உறவு எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவருடைய எருக்குழி. கொட்டகைகளிலிருந்து சாணத்தை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து, வாழைச் சருகும் சாம்பலும் சேர்த்து, வேலியோரமாக மலைபோல் குவித்து வைத்திருப்பார். மழை பெய்தால் அதிலிருந்து ஆவி கிளம்பும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரிப் பேதி வார்டுதான் நினைவுக்கு வரும்.

"ராவுத்தரே, இது ஊருக்கே வியாதியைக் கொண்டுவரும்" என்று ஒரு நாள் வேலியோரம் நின்று கத்தினேன். "வந்தா நீங்கதான் இருக்கீங்களே மாப்ள, கட்டுப்போட" என்றார் அவர். கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டிலிருந்த கார்பாலிக் டப்பாவை எடுத்துவந்து, வேலிக்கு மேலேயே கையை நீட்டி, அவருடைய குவியல் மேல் பாதி டப்பாவைக் கவிழ்த்தேன். அவர் மண்வெட்டியை எடுத்து, நான் ஊற்றிய இடத்தை மட்டும் தோண்டித் தனியே தூக்கிப் போட்டார். அதன் பிறகு மாப்பிள்ளை என்று கூப்பிடுவது நின்றது.

என் மனைவியின் பாத்திகளை நான் இதைவிட மோசமாகக் கவனித்துக்கொண்டேன். சாணம் போடக் கூடாது என்றேன். சருகு ஒன்று விழுந்தால் கூட்டி எரித்தேன். தரை கோலம் போடுகிற வாசல் மாதிரிப் பளிச்சென்று இருந்தது. சனிக்குச் சனி எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப்போல, சனிக்குச் சனி பாத்திகளுக்குக் கார்பாலிக் தண்ணீர். முதல் தடவை தெளித்தபோது மண்புழுக்கள் கூட்டம் கூட்டமாக மேலே வந்து துடித்தன. "பாத்தியா, எவ்வளவு பூச்சி உள்ளே இருந்திருக்குன்னு" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது பூச்சி இல்லீங்க, மண்புழு. எங்க அப்பா இதைப் பாத்தா சந்தோஷப்படுவாரு" என்றாள். உங்கள் அப்பாவுக்குக் கிருமியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். வீட்டில் ஆஸ்பத்திரிப் படிப்பு படித்தவன் நான் ஒருவன்தானே.

விதை முளைத்தது. முளைத்து முழங்கால் உயரம் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. இலை எல்லாம் வெளிறி மஞ்சளடித்தது. அவள் ராவுத்தர் வீட்டில் கேட்டு வாங்கிவந்த, நடுவதற்கு வெட்டிய வெற்றிலை விதைக்கொடியைக்கூட நான் விடவில்லை. கார்பாலிக் தண்ணீரில் முக்கியெடுத்த பிறகுதான் நட விட்டேன். பத்து நாளில் அடித்தண்டு கறுத்து அழுகியது. மறுபடி வாங்கி நட்டாள். அதுவும் அழுகியது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கமோ, அழுக்கிலேயே முளைத்த ராவுத்தரின் அகத்தி ஓலைக்கூரைக்கு மேலே போய்விட்டது. வெற்றிலை உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் பூசினாற்போல் மின்னியது.

புரட்டாசி முடியும்போது அவள் பாத்திக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் நான் வேலையிலிருந்து வந்தபோது தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. மூடி திறந்திருந்தது. உள்ளே இரண்டு புடவை மட்டும் மடித்து வைத்திருந்தாள். அடுத்து வந்த நாட்களில் அந்தப் பெட்டியைத் தாண்டாமல் அந்த வீட்டில் நடக்க முடியவில்லை.

ஐப்பசி தொடக்கத்தில் ஒரு விடியற்காலை இந்த ஊருக்கே உரிய சுமத்திராக் காற்று அடித்தது. மேற்கிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டுப் போகும் காற்று. ராவுத்தரின் அகத்தி ஒன்று வேரோடு சாய்ந்து வேலிமேல் எங்கள் பக்கம் விழுந்தது. கிளையை வெட்டப் போனவன் வேரைப் பார்த்தேன். எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. வேர் முழுக்க முண்டும் முடிச்சுமாக இருந்தது. கடுகு அளவிலும் மிளகு அளவிலும் நூற்றுக்கணக்கான முடிச்சுகள். எங்கள் வார்டில் கட்டி வந்த நோயாளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது என்ன என்று சொல்லவும் வேண்டுமா? ராவுத்தரின் தோட்டத்துக்குள் வியாதி இருக்கிறது. அதுதான் காற்றிலோ தண்ணீரிலோ வந்து என் மனைவியின் செடியையும் பிடித்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வேரில் ஒரு துண்டை வெட்டி ஈரத்துணியில் சுற்றினேன். ஒப்பிட்டுக் காட்ட எங்கள் பாத்தியிலிருந்தும் ஒரு செடியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டேன். எங்கள் டாக்டர் ஒரு சட்டைக்காரர், வெள்ளைக்கார ரத்தம் கலந்தவர். இங்கேயே பிறந்தவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். வீட்டில் பூந்தொட்டி நிறைய வைத்திருப்பார், கப்பலில் வரும் தோட்டக்காரப் பத்திரிகைகளை வாங்கிப் படிப்பார். சீழையும் சளியையும் பார்க்கிற பித்தளை மைக்ராஸ்கோப் அவர் மேசையில் எப்போதும் இருக்கும். வியாதி என்று அவர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால், சுகாதார இன்ஸ்பெக்டரிடம் காட்டி ராவுத்தரின் எருக்குழியை மூடவைத்துவிடலாம் என்பது என் திட்டம்.

டாக்டர் வேரை வாங்கிப் பார்த்தார். ஒரு முடிச்சைக் கத்தியால் இரண்டாக நறுக்கினார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது, புதிதாக வெட்டிய இறைச்சியைப் போல. அதை நசுக்கிக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். குச்சி குச்சியாக, சில கவட்டைபோல் கிளைத்து, எண்ணி முடியாத கூட்டம்.

"கிருமிதானே?" என்று கேட்டேன். குரலில் வெற்றி இருந்திருக்கும்.

ஆமாம், கிருமிதான் என்றார் டாக்டர். எங்கள் செடியின் வேரையும் காட்டச் சொன்னார். காட்டினேன். வெளுத்து, மெலிந்து, ஒரு முடிச்சுகூட இல்லாமல் குளிப்பாட்டிவிட்ட மாதிரிச் சுத்தமாக இருந்தது. அவர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது நோயாளி என்று நினைக்கிறாய் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சிரித்துவிட்டார்.

பிறகு அவர் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன். மண் என்பது பொடித்த கல் மட்டும் இல்லை. ஒரு சிட்டிகை நல்ல மண்ணில், இந்தச் சிங்கப்பூரில் இருக்கும் ஜனங்களைவிட அதிகமான உயிர்கள் இருக்கும். விழுந்த இலையையும் சாணத்தையும் சிறிது சிறிதாகத் தின்று, வேர் குடிக்கக்கூடிய சாரமாக ஆக்குவது அவைதான். அவை இல்லாவிட்டால் குப்பை குப்பையாகவே கிடக்கும், செடி பட்டினி கிடக்கும். அகத்தி, அவரை, பயறு போன்ற செடிகளுக்கு இன்னும் ஒரு கொடுப்பினை. அவற்றின் வேருக்குள்ளேயே சில கிருமிகள் குடியேறி, முடிச்சு கட்டிக்கொண்டு, காற்றிலிருந்து சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். செடி தன் பங்குக்கு அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். அதனால்தான் அகத்தி நின்ற மண்ணில் வெற்றிலை செழிக்கிறது. வெற்றிலைத் தண்டு அழுகியதற்கும் அவர் காரணம் சொன்னார். அழுகலைக் கொண்டுவரும் தீயதும் மண்ணில் உண்டு. ஆனால் நல்லது ஆயிரம் இருக்கும்போது அதற்கு இடம் கிடைப்பதில்லை. நான் எல்லாவற்றையும் கொன்றுவிட்டேன். காலி வீட்டுக்குள் முதலில் நுழைந்தது அழுகல்தான்.

"நீ தினம் தயிர் சாப்பிடுகிறாயே, அது என்ன என்று நினைத்தாய்?" என்றும் கேட்டார். அதுவும் கிருமி வேலைதான் என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். என் குழந்தையைக் கொன்ற ஜாதியும் என் மனைவியைக் காப்பாற்ற வேண்டிய ஜாதியும் ஒன்றுதான் என்பது மனத்தில் பதிய நேரம் ஆயிற்று. ஒரு வார்டில் செய்ய வேண்டியதைத் தோட்டத்தில் செய்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. "உன் செடியைக் கொன்னது நான்தான்" என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியும்ங்க. மண்புழு செத்தப்பவே தெரியும்" என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா? அந்த டப்பாவைத் தூக்கும்போதுதான் உங்க முகத்துல கொஞ்சம் நிம்மதி தெரிஞ்சுது. அதையும் பிடுங்கவான்னு விட்டுட்டேன்."

அவள் எனக்காகத் தன் தோட்டத்தைச் சாக விட்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் என் கண் நிறைகிறது. மனைவியின் அன்புக்கு நன்றி சொல்லும் வழக்கம் எங்கள் ஆண்களிடம் இல்லை. நானும் அன்று சொல்லவில்லை. அதனால்தான் இன்று எழுதி வைக்கிறேன்.

இன்னும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அவள் யோசித்தாள். புதுக் கொடிக்கால் போடும்போது பழைய கொடிக்காலிலிருந்து இரண்டு கூடை மண் கொண்டுவந்து கலப்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். தாய்மண் என்பார்களாம். "இங்க யாரு நமக்குப் பழைய மண் தருவா?" என்றாள். இருவரும் வேலியைப் பார்த்தோம்.

அந்த வேலி இடுப்பு உயரம்தான். அன்று அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போவதற்கு எனக்கு ஊரைச் சுற்றுவது போல இருந்தது. ராவுத்தர் கொடி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"டப்பா கொண்டு வரலயா?" என்றார்.

"இல்ல. உங்ககிட்ட ஒண்ணு கேக்க வந்தேன். உங்க கொடிக்கால் மண்ணுல ரெண்டு கூடை வேணும்."

"அது அழுக்கு மண்ணாச்சே. கிருமி இருக்குமே."

"கிருமிதான் வேணும்" என்றேன்.

அவர் கையிலிருந்த வாழைநார் கீழே விழுந்தது. "இன்னொரு தரம் சொல்லுங்க. வீட்டுல கேக்கட்டும்" என்றவர், உள்ளே திரும்பி, "இந்தா, இங்க வந்து கேளு, டிரெஸ்ஸர் கிருமி கேக்குறாரு!" என்று குரல் கொடுத்தார். அவர் மனைவி கதவோரம் வந்து முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்தேன். வேறு வழி?

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "பிள்ளையைப் பறிகொடுத்தவன் செஞ்சது. அன்னிக்கே மறந்துட்டேன் மாப்ள" என்றார். வெகுநாள் கழித்து அந்த மாப்பிள்ளை என் காதில் விழுந்தது. "தயிருக்கு உறை கேட்டு வந்தவனை யாராச்சும் வெறுங்கையோட அனுப்புவாங்களா? ஆனா விளக்கு வைக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்கப்புறம் உறை குடுக்க மாட்டாங்களே உங்க வீடுங்கள்ல?" என்று கிண்டலும் செய்தார்.

ஒரு நிபந்தனை போட்டார். மண்ணை நான்தான் அள்ள வேண்டும், வெறும் கையால். அவருடைய பழைய அகத்தி ஒன்றின் அடியில் மட்கிய சருகை விலக்கிக் காட்டினார். உள்ளே மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. வெள்ளை நூல் போல ஏதோ சருகுக்கும் மண்ணுக்கும் நடுவே ஓடிப் பின்னியிருந்தது. கை கூசியது. கண்ணை மூடிக்கொண்டு அள்ளினேன். நாற்றம் வரும் என்று மூச்சை அடக்கியிருந்தேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டபோது வந்தது கோடை மழையின் முதல் தூறல் வாசனை. அந்த வாசனையும் அந்தச் சிறு உயிர்கள் உண்டாக்குவதுதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். கூடை நிரம்பிய பிறகும் நான் அள்ளிக்கொண்டே இருந்தேன். "போதும் லா, என் தோட்டத்தையே தூக்கிட்டுப் போயிடாதீங்க" என்றார் ராவுத்தர், இந்த ஊர் மலாய்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து.

ஒவ்வொரு அகத்தியின் தூரிலும் என் மனைவி ஒரு கைப்பிடி தாய்மண் வைத்தாள், பாலில் உறை விடுகிற அதே அளவான கையோடு. மேலே ராவுத்தரின் மட்கிய எரு. அதற்கு மேலே, நான் இத்தனை நாள் கூட்டி எரித்த சருகு. தரை அலங்கோலமாயிற்று. ராவுத்தர் வேலி வழியாகப் புது விதைக்கொடிக் கட்டு ஒன்றையும் நீட்டினார். இந்த முறை நான் எதிலும் முக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கை கழுவுவதை நான் விடவில்லை, அது வேறு. வீட்டு வாசலில் கழுவிவிட்டு உள்ளே வந்தால், தோட்டத்துக்கு வெறுங்கையோடு போகப் பழகிக்கொண்டேன்.

பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தகரப் பெட்டியில் மூன்றாவது புடவை ஏறியது. நான் தினமும் விடிந்ததும் பாத்தியோரம் குந்தி உட்கார்ந்து இலைகளை உற்றுப் பார்ப்பேன். நோயாளியின் நாடி பிடிப்பதுகூட இவ்வளவு கவலையாக இருந்ததில்லை. இருபதாம் நாள் வாக்கில் நுனிக் கொழுந்தில் பச்சை இறங்கியது. முதலில் நம்பவில்லை. மறுநாளும் பச்சையாகவே இருந்தது. கார்த்திகைத் தீபத்தன்று என் மனைவி இருப்பதிலேயே சோனியான செடி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் ஓடி வந்தாள். வேரில் ஐந்தாறு முடிச்சு. நகத்தால் ஒன்றைக் கீறினாள். உள்ளே இளஞ்சிவப்பு. "வந்துட்டாங்க" என்றாள். விருந்தாளிகளைச் சொல்வதைப்போலச் சொன்னாள்.

அதன் பிறகு அகத்தி வளர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. மார்கழி ஏகாதசி விரதம் முடிந்த மறுநாள் காலை எங்கள் தோட்டத்து அகத்திக்கீரையையே வதக்கி இலையில் போட்டாள். வெற்றிலைக்கொடி வேர் பிடித்து, கணுவுக்குக் கணு ஒட்டிக்கொண்டு, என் முழங்கை உயரம் ஏறியிருந்தது. மண்புழு திரும்பி வந்திருந்தது. ராவுத்தர் தினம் வேலியோரம் வந்து, "தங்கச்சி, உன் கொடி என் கொடியை மிஞ்சிடும் போலிருக்கே" என்று பொய் சொல்வார்.

அவள் சொன்ன கெடுவுக்குள் கொடி ஏறிவிட்டது. ஆனாலும் பெட்டி கட்டிலுக்கு அடியில் போகவில்லை. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

தைப்பூசத்தன்று டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்தே போனோம். காவடிகள் போய்ச்சேர்ந்து, கூட்டம் கலைந்து, சலவைக்காரர்கள் இருந்த டோபி காட் வழியாக வெயில் தாழ வீடு திரும்பினோம். கப்பலுக்கு இன்னும் இரண்டு நாள். வழி முழுக்க அவள் ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் வருகிறாள் என்று தெரிந்தது. வீட்டுக்குள் போகாமல் நேராகத் தோட்டத்துக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஒரு கொடியின் அடியில் உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"உங்க டாக்டர் சொன்னாரே, மண்ணுக்குள்ள அத்தனை உயிர் இருக்குன்னு. விழுந்ததை எல்லாம் அதுங்கதான் எடுத்துக்கும், செடிக்குக் குடுக்கும்னு. நெசந்தானே?"

"நெசந்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "அன்னிக்கு அந்தக் குழியில... அதுலயும் ஊத்தினீங்களா?"

பேதியில் போனவர்களின் குழியில் கார்பாலிக் ஊற்றி மூட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லியிருந்த முறை. அன்றைக்குச் சட்டைப்பையில் புட்டியோடுதான் போனேன். மூடியைத் திருகக்கூடச் செய்தேன். அவன் முகத்துக்குப் பக்கத்தில் அந்த வாசனை போகக் கூடாது என்று கை நின்றுவிட்டது. மூடியைத் திருப்பி மூடிப் பையில் போட்டுக்கொண்டு வெறும் மண்ணைத் தள்ளினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் உத்தியோகத்தில் நான் செய்த ஒரே குற்றம் என்று அதை உள்ளுக்குள் வைத்திருந்தேன். அந்தக் குற்றத்துக்கும் சேர்த்துத்தான் சனிக்குச் சனி இந்தப் பாத்திகளில் ஊற்றினேனோ என்னவோ.

"ஊத்தல" என்றேன். "கொண்டு போனேன். ஊத்த மனசு வரல."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று தேடினாள். பிறகு என் வலது கையைப் பிடித்து இழுத்து, அதில் தன் கையிலிருந்த மண்ணை வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் எத்தனையோ நூறு தடவை கழுவிய கை அது.

"அப்ப அவன் அங்க தனியா இல்ல" என்றாள்.

குழந்தை போன நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம். வேலிக்கு அந்தப் பக்கம் ராவுத்தர் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் துறைமுகத்திலிருந்து கப்பல் சங்கு கேட்டது. நான் கொடிக்கு ஊற்ற வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவள் தகரப் பெட்டியைத் திறந்து புடவைகளை வெளியே எடுத்துவிட்டு, அந்த வருடம் விளையப்போகும் அகத்தி விதை காய்ந்ததும் இதில் போட்டு வைக்க வேண்டும் என்றாள்.